ஐந்தாம் மாசச் சோறு

கடுகு வெடிக்காத குழம்பை நான் குழம்பு என்று ஒத்துக்கொண்டதே இல்லை. அடுப்படிக்குள் நுழைந்த நாள் முதல் என் சட்டம் அது. எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், காய்ந்த மிளகாய் விழும்போது பக்கத்து வீட்டுக்காரி தும்ம வேண்டும். அப்போதுதான் சமையல் முடிந்தது என்று கரண்டியைக் கீழே வைப்பேன். இப்படிப்பட்ட என்னைப் போய், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் வெறும் புளித்தண்ணீரில் கறியும் காய்களும் மிதக்கிற ஒரு குழம்புக்காக, மலேசியாவில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் புகையில் கண் எரிய உட்கார வைத்தவள் என் தம்பி மனைவி.

அவள் பிலிப்பைன்ஸ்காரி. தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு இருந்தாள். எண்பதுகளின் பாதியில் பட்டறைகளில் ஆள் குறைத்தபோது தம்பியும் பெட்டியைக் கட்டினான். வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வந்தான். பதிவுத் திருமணம் முடிந்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். அம்மா ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் புடவை கட்டிக் காட்டினாள். அம்மா எதையும் ஒரு நாளுக்கு மேல் இழுக்கிற ஆள் இல்லை.

தம்பிக்குத் தோட்டத்து செம்பனை எண்ணெய் ஆலையிலேயே வேலை கிடைத்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த அதே லயத்து வரிசை வீட்டில் அம்மா, தம்பி, அவள் மூவரும் இருந்தார்கள். நான் கல்யாணமாகி கோலசிலாங்கூரில் இருந்தேன். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். நான் வீட்டில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். மாசத்துக்கு இரண்டு முறை பஸ் பிடித்து அம்மாவைப் பார்க்கப் போவேன். போகும்போதெல்லாம் அவளைக் கவனிப்பேன். நாத்தனார் என்றால் கவனிக்கத்தானே வேண்டும்.

குறை கண்டுபிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அதிகாலையில் எழுந்தாள். வாசல் தெளித்தாள். அவள் போடும் கோலத்தில் புள்ளி ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமும் போகும், ஆனால் ஒரு நாளும் போடாமல் விட்டதில்லை. கையால்தான் சாப்பிட்டாள், அதுவும் எங்களைவிட அழகாக. அம்மா எதை ஆக்கிப் போட்டாலும் தலையை ஆட்டி, "நல்லா இருக்கு அத்தை" என்பாள். நெத்திலிச் சம்பாலுக்கும் அதே பாராட்டு, அடிப்பிடித்த சாம்பாருக்கும் அதே பாராட்டு. அவளுக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று நான் தம்பியிடமே கேட்டிருக்கிறேன்.

அவள் மாசமானாள். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். அதோடு சேர்ந்து வந்தது தொல்லை. எங்கள் வீட்டுத் தாளிப்பு வாசனை அவளுக்கு ஆகவில்லை. கடுகு வெடித்ததும் பின்புறம் ஓடுவாள். மசாலா வறுத்தால் ஓடுவாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு உருண்டை விழுங்கி, "நல்லா இருக்கு அத்தை" என்பாள். சற்று நேரத்தில் அந்த இரண்டு உருண்டையும் வெளியே போய்விடும். மூன்றாம் மாசத்தில் எல்லோருக்கும் இருப்பதுதானே என்றோம். நான்காம் மாசமும் அப்படியே போயிற்று. ஐந்தாம் மாசத்தில் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி, மூன்று கிலோ குறைந்திருக்கிறாள், இப்படியே போனால் பிள்ளைக்கு ஆகாது என்று தம்பியை நன்றாகத் திட்டி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் தம்பி மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அவ சாப்பிடாம கெடக்கா. கேட்டா நல்லா இருக்குங்கறா. எனக்கு பயமா இருக்குக்கா."

என் தம்பி பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன்.

அம்மா பின்புறத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடங்கினாள்.

"என்னத்த ஆக்கறது நான்? கஞ்சி வச்சேன், வாந்தி எடுத்தா. ரொட்டி வாங்கி வச்சேன், வாந்தி எடுத்தா. வாயத் தொறந்து இது வேணும் அத்தன்னு ஒரு வார்த்த சொன்னா செய்ய மாட்டேனா? மனசுல உள்ளத சொல்லாத புள்ளைக்கு என்னத்தடி ஆக்கிப் போடுவேன்?"

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளையல் போடுவது ஏழாம் மாசம். அதற்கு முன் ஐந்தாம் மாசத்தில் பெண்ணின் தாய்வீட்டிலிருந்து, அவள் வாய்க்குப் பிடித்ததாக ஆக்கி, சட்டியோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். கறியோ மீனோ கருவாடோ, அவள் சின்ன வயசில் எதைக் கேட்டு அடம்பிடித்தாளோ அது. எனக்கு அம்மா நண்டு ஆக்கிக்கொண்டு வந்தாள், பஸ்ஸில் அத்தனை பேர் மூக்கையும் இழுத்துக்கொண்டு. அந்த நண்டை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அஞ்சாம் மாசச் சோறு போடணும்மா அவளுக்கு."

"யாரு கொண்டாருவா? அவ ஆத்தா கப்பல் ஏறி வருவாளா?"

"நான் கொண்டாறேன்."

அம்மா விறகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "நீ மாப்ள வீட்டுக்காரிடி. நாத்தனா எங்கயாவது தாய்வீடாவாளா? கேக்கறவங்க வாயால சிரிக்க மாட்டாங்க."

"எதால வேணும்னாலும் சிரிக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு நாளு நான் பொண்ணு வீடு. நீயும் தம்பியும் மாப்ள வீடு. வந்தா ஒழுங்கா தண்ணி குடுத்து உள்ள கூப்புடுங்க."

எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், யோசிக்காமல் பெரிய பெரிய வாக்கெல்லாம் கொடுத்துவிடுவேன். அவள் வீட்டில் என்ன ஆக்குவார்கள் என்பதே எனக்குத் தெரியாது என்பது வாக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

தம்பியைக் கேட்டேன். சிங்கப்பூரில் இருந்தபோது அவள் சொந்த ஊர்த் தோழிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்கி எடுத்து வந்ததைச் சாப்பிட்டிருக்கிறானாம். "ரசம் மாதிரி இருக்கும், ஆனா ரசம் இல்ல. சாம்பார் மாதிரி காய் கெடக்கும், ஆனா சாம்பார் இல்ல" என்றான். வேதாந்தி. ஆண்பிள்ளையிடம் சமையல் கேட்டால் கிடைப்பது இவ்வளவுதான்.

சரி, வாயைக் கொடுத்து வாயை வாங்குவோம் என்று அவளிடமே போய் உட்கார்ந்தேன். அவள் முன்வாசலில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எதற்கென்று சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று ஊர்வம்பு பேசுகிற மாதிரி கேட்டேன். அவள் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சினிகாங், அக்கா! சண்டே சர்ச் போயிட்டு வந்து எங்க அம்மா மாசாக். பெரிய சட்டி, இப்படி!" கையிரண்டையும் விரித்துக் காட்டினாள். தமிழும் மலாயும் இங்கிலீஷும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன; மாசாக் என்றால் மலாயில் சமைப்பது. பன்றிக்கறி, எலும்போடு. வெங்காயம், தக்காளி. பச்சைப் புளியங்காயை அவித்து மசித்து வடிகட்ட வேண்டும். சேப்பங்கிழங்கு கரைய வேண்டும், அதில்தான் குழம்பு கெட்டியாகும். முள்ளங்கி, பயத்தங்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய், நீளப் பச்சைமிளகாய் முழுசாக. கடைசியில் இதோ இந்தக் கங்கோங். அவ்வளவுதான்.

"தாளிக்கறது?" என்றேன்.

"தாளிக்கறது இல்ல."

"மசாலா?"

"இல்ல."

"எண்ணெய்?"

"இல்ல அக்கா!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். "தண்ணி மட்டும். ஆனா பைப் தண்ணி இல்ல. அரிசி கழுவுற தண்ணி."

இங்கேதான் நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. அதற்கென்று அடுப்படி மூலையில் வாளி உண்டு. மாட்டுத் தண்ணீரில் மனுஷனுக்குக் குழம்பா என்று கேட்டேன். அவளும் என்னோடு சேர்ந்து சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். மற்றதெல்லாம் சாம்பார்க் காய்தானே, இதைச் செய்ய ஒரு படிப்பா என்ற எண்ணத்தோடு பஸ் ஏறினேன்.

புதன்கிழமை என் வீட்டில் வெள்ளோட்டம் பார்த்தேன். பசாரில் அரைக்கிலோ கறி வாங்கி, அவள் சொன்னபடி எல்லாம் போட்டேன், மாட்டுத் தண்ணீர் தவிர. கொதித்தது. நுரையை எடுத்தேன். காய்கள் வெந்தன. புளிப்பு வாசனை எழும்பி, எனக்கே நாக்கில் நீர் ஊறியது. கீரையைப் போட்டு இறக்கினேன். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கை தன்னால் போய் சின்ன வாணலியை எடுத்தது, எண்ணெய் ஊற்றியது, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் போட்டு, சர்ரென்று குழம்பின் தலையில் கொட்டியது. கொட்டின சத்தத்தில்தான் எனக்குச் சுயநினைவு வந்தது.

என் வீட்டுக்காரர் மூன்று அகப்பை வாங்கிச் சாப்பிட்டார். எப்படி இருக்கிறது என்றேன்.

"நல்லாதான் இருக்கு. ரசத்துல பன்னி வுழுந்த மாதிரி இருக்கு."

வழக்கமாகச் சோற்றோடு வைக்கும் இரண்டாவது முட்டை அவருக்கு அன்று கிடையாது என்று எழுந்து போய்விட்டேன். ஆனால் மனசுக்குள் கிலி பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் எந்த வாசனைக்குப் பயந்து மாசக்கணக்காக ஓடுகிறாளோ, அதையே அவள் அம்மா வீட்டுக் குழம்பில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டியிருப்பேன். அவள் அதையும் இரண்டு உருண்டை விழுங்கி நல்லா இருக்கு என்றிருப்பாள். அதை நினைத்தபோது என் கையின் மீதே எனக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை எங்கள் அதிர்ஷ்டம். தோட்டத்து ஆட்கள் நாய்களோடு செம்பனைக்குள் போய்க் காட்டுப்பன்றி ஒன்றை அடித்திருந்தார்கள். தம்பி பின்தொடையும் விலாவும் சேர்த்து ஒரு பங்கு சொல்லி வைத்தான். என் வீட்டுக்காரர் சுங்கை பெசார் பக்கம் லோரி ஓட்டிப் போனவர், அங்கே சீனன் கடையில் ஒரு போத்தல் மீன்சாறு வாங்கி வந்தார். அதைத் தொட்டுக்கொண்டால்தான் ருசி என்று அவள் சொன்னதை நான் அவரிடம் போகிறபோக்கில்தான் சொல்லியிருந்தேன். காதில் விழாத மாதிரி இருக்கிற மனுஷன் அதை மறக்கவில்லை. இரண்டாவது முட்டையை அன்று கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோட்டத்தில் இருந்தோம். சாமிப் படம் இருக்கிற வீட்டுக்குள் பன்றிக்கறி ஏறாது. அது அம்மாவின் சட்டம். வெளியில் ஆக்கி வெளியில் சாப்பிட வேண்டும். அதற்கென்றே அடி கருத்த அலுமினியச் சட்டி ஒன்று பின்புறக் கொட்டகையில் தொங்கும். ஆனால் அம்மா வீட்டுப் பின்புறத்தில் ஆக்கினால் பெண் வீட்டிலிருந்து வந்ததாக எப்படி ஆகும்? அதனால் லயத்துக் கடைசியில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டின் பின்னால் மூன்று கல் கூட்டினேன். அன்றைக்கு அதுதான் பிலிப்பைன்ஸ். தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு ஈஜோக் சந்தைக்குப் போய்விட்டான், பதினொரு மணிக்கு முன் திரும்பக் கூடாது என்று உத்தரவு. என் வீட்டுக்காரர் ஸ்கூலுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் ஏறி, மடி நிறையப் பச்சைக்காய் பறித்துப் போட்டுவிட்டு லோரியில் படுத்துத் தூங்கிவிட்டார்.

காட்டுப்பன்றிக் கறி லேசில் வேகிற சாதி இல்லை. நான் ஊதுகுழலை வைத்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரி இங்கே வரலாமா என்று கேட்டேன்.

"சும்மா பாக்க வந்தேன். ஒண்ணும் தொட மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பன்னி குளிர்ச்சிதான். மாசமா இருக்கறவளுக்கு ஒண்ணும் பண்ணாது. அது என்ன தண்ணி, பைப் தண்ணியா?"

"பின்ன என்ன, எளனியா ஊத்துவாங்க?" என்றேன். "அந்தப் புள்ள ஒண்ணு சொன்னுச்சு பாரு, நெனச்சு நெனச்சு சிரிக்கறேன். அரிசி களைஞ்ச தண்ணியிலதான் இத வைக்கணுமாம். மாட்டுத் தண்ணிம்மா! அவங்க ஊர்ல மாடு குடுத்து வைக்கல போல."

அம்மா சிரிக்கவில்லை. கட்டியிருந்த கை அவிழ்ந்து கீழே தொங்கியது.

"மொதல் தண்ணிதாண்டி மாட்டுக்கு" என்றாள். "ரெண்டாம் தண்ணி கொழம்புக்கு. எங்கம்மா அதுலதான் மண்டி வைக்கும். ரெண்டாம் தண்ணியில புளியக் கரச்சு, வெண்டிக்கா போட்டு. அது கொதிக்கறப்ப வர்ற வாசன இருக்கே."

"நீ ஒரு நாளும் வச்சதில்லையே?"

"வச்சேன். கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த புதுசுல ஒரே ஒரு நா. ஒங்க அப்பாவோட ஆத்தா, தண்ணி எங்கேருந்து எடுத்தன்னு கேட்டுச்சு. சொன்னேன். சட்டியோட தூக்கிட்டுப் போயி மாட்டுத் தொட்டியில ஊத்திருச்சு. மாடே குடிக்கட்டும்னுச்சு. ரெண்டு மாசத்துக்கு இந்த லயத்துல எனக்குப் பேரே மாட்டுத்தண்ணிக்காரிதான். அன்னையோட விட்டேன்."

எனக்கு அப்போது முப்பது வயது. கல்யாணமாகிப் போகும்வரை அம்மா கையால்தான் சாப்பிட்டிருக்கிறேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதே சிரிப்பை நானும் இப்போதுதான் சிரித்து முடித்திருந்தேன். அடுப்புப் புகை என்று சாக்குச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. விறுவிறு என்று வீட்டுக்கு நடந்தாள். மதியச் சோற்றுக்கு வைத்திருந்த அரிசியைக் களைந்து, முதல் தண்ணீரை வாளியில் கொட்டி, இரண்டாம் தண்ணீரைக் குண்டான் நிறைய எடுத்து, தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் சட்டியில் இருந்த தண்ணீரில் பாதியை மொண்டு வெளியே கொட்டினேன். அவள் வெள்ளைத் தண்ணீரை நிதானமாக ஊற்றினாள். ஊற்றின பிறகு, தொட மாட்டேன் என்று சொன்னவள், என்னைத் தள்ளிவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நான் வெறும் எடுபிடி. முள்ளங்கியை வெட்டு, கிழங்கைப் போடு, தீயை இழு. அம்மா நாற்பது வயது குறைந்தவள் போல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவள் அம்மா மண்டி வைத்த கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். சேப்பங்கிழங்கு கரைந்து குழம்பு பால் போல் கூடி வந்தது. கறியை விரலால் நசுக்கிப் பார்த்தோம், நசுங்கியது. புளியங்காயை மசித்து வடிகட்டி ஊற்றினேன். கத்திரிக்காய், பயத்தங்காய், வெண்டைக்காய், கடைசியில் கீரை. இறக்கி வைத்ததும் என் கை பழக்கதோஷத்தில் எண்ணெய்ப் போத்தலைத் தேடியிருக்கிறது.

"என்னாடி தேடற?" என்று அம்மா அகப்பைக் காம்பால் என் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். எண்ணெய்ப் போத்தலை நான் கொண்டே வரவில்லை என்று சத்தியம் செய்தேன். கை மட்டும்தான் போயிற்று.

பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் பூவும் எடுத்துக்கொண்டேன். சட்டியைத் தூக்கக் குனிந்தேன். அம்மா ஏற்கெனவே பழைய துணியால் காதைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"நீ எப்படிம்மா தூக்கலாம்? நீ மாமியா. உள்ள நின்னு வாங்கன்னு கூப்புடணும்."

"ஒந்தம்பி இருக்கான்ல. அவன் கூப்புடட்டும். ஒரு வீட்டுக்கு எத்தன பேரு மாப்ள வீடு வேணும்?"

இப்படியாக அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்தில் பெண்கள் எல்லோரும் பெண் வீடு ஆகிவிட்டோம். அம்மா முன்னால் சட்டியோடும் நான் பின்னால் தட்டோடும் நடந்தோம். தூக்கம் கலைந்த என் வீட்டுக்காரர் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு, அவர் எந்த வீடு என்று தெரியாமல் எங்களுக்குப் பின்னால் வந்தார். லயத்தில் எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம் அம்மா, "பொண்ணுக்கு அஞ்சாம் மாசம், சோறு கொண்டு போறோம்" என்று சத்தமாகச் சொன்னாள். பன்றிக்கறி என்பதால் முன்வாசல் பக்கம் போக முடியாது. தாய்வீட்டுச் சோறு பின்வாசல் வழியாகத்தான் வந்தது.

தம்பி கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செம்பில் தண்ணீரோடு ஒற்றை ஆளாக நின்றான். "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்றான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் செம்புத் தண்ணீரில் பாதியைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டான். அவள் உள்ளேயிருந்து என்ன சத்தம் என்று பார்க்க வந்தவள், படியிலேயே நின்றுவிட்டாள். வாசனை முதலில் அவளிடம் போயிருந்தது. ஓடப் போகிறாள் என்று நினைத்து நான் தட்டோடு ஒதுங்கி வழிவிட்டேன். அவள் ஓடவில்லை. சட்டியைப் பார்த்தாள், அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அம்மாவைப் பார்த்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கொட்டகைக்குள் பெஞ்சில் உட்கார வைத்துப் பூ வைத்தேன். அம்மா தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். மீன்சாற்றில் பச்சைமிளகாயைக் கிள்ளிப் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். நான்கு பேரும் சுற்றி நின்று ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பிசைந்து ஓர் உருண்டை வைத்தாள். விழுங்கினாள். இன்னொன்று. கறியைக் கடித்து இழுத்தாள். ஐந்தாவது உருண்டையில் கை நின்றது. புருவம் நெரிந்தது. சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது யார் மாசாக்?"

"நாங்கதான். ஏன்?"

"புளி பத்தல" என்றாள். "எங்க அம்மா மாசாக்னா கண்ணு இப்படி ஆகும்." ஒரு கண்ணை இறுக்கி மூடிக் காட்டினாள். அதோடு நிற்கவில்லை. கரண்டியை எடுத்துக் கிளறினாள். "முள்ளங்கி ரொம்ப பெரிசு வெட்டி. கங்கோங் ரொம்ப நேரம் உள்ள இருந்து. மிளகா ஏன் ஒண்ணுதான்?" பிறகு அவள் பாஷையில் ஏதோ மூச்சுவிடாமல் சொன்னாள். மொழி தெரியாவிட்டாலும் வசவு புரிந்தது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து புகையில் வெந்தவள் நான். "ஏம்மா, ஒன்றர வருசமா அடிப்புடிச்ச சாம்பார கூட நல்லா இருக்கு நல்லா இருக்குன்னுட்டு, இன்னிக்கு நான் ஆக்கினதுக்குத்தான் ஒனக்கு வாய் வந்துச்சா லா?" என்று தொடங்கினேன்.

"நீ சும்மா இருடி!" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வேறு வழிந்துகொண்டிருந்தது. "நான் இந்த வீட்டுல ஒங்க மாமியா இருந்த வரைக்கும் ஒரு நா, ஒரே ஒரு நா, உப்பு பத்தலன்னு சொன்னதில்லடி. அவ சொல்லட்டும்."

என் மாமியார் இல்லை, அம்மாவின் மாமியார், என் அப்பாவின் ஆத்தா என்று திருத்த வாயெடுத்து விட்டுவிட்டேன். தம்பி திரும்பி நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினான்.

மிச்சப் புளியங்காய் கிண்ணத்தில் இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து, அதைக் கையால் பிசைந்து சட்டிக்குள் பிழிந்தாள். "போதுமா?" என்றாள். அவள் நக்கிப் பார்த்து, "லாகி, இன்னும்" என்றாள். அம்மா இன்னும் பிழிந்தாள். "இப்ப?" "லாகி, அத்தை, லாகி."

மூன்றாவது தட்டில்தான் புளிப்பு சரியாக வந்தது என்றாள். நான்காவது தட்டில் உப்பு குறைகிறது என்றாள். அம்மா உப்பு எடுக்க உள்ளே ஓடினாள்.